நித்தியஜீவன், நிறைவான வாழ்வு: கோவில் தாழ்வாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாத்தான்குளம் பக்கம், செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குக் எங்கள் கிறிஸ்தவக் கோவில் தாழ்வாரத்தில் வாலிபப் பிள்ளைகளோடு வேதம் வாசிக்க உட்காருவேன். நான் ஐயரும் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) இல்லை, உபதேசியாரும் இல்லை. பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். நேரில் கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள் துண்டுக் காகிதத்தில் எழுதி என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போவார்கள். பல வருஷக் காகிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எடுத்து எழுதுகிறேன். வேலைக்காகச் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று போய்விட்ட பிள்ளைகள்தான் முக்கியமாக என் மனதில் இருக்கிறார்கள்.

நித்தியஜீவன் என்றால் செத்த பிறகு மோட்சத்துக்குப் போவதுதானே? அதற்கு இப்போதே என்ன அவசரம்?

இந்த வார்த்தையை நாம் அதிகமாகக் கேட்பது அடக்க ஆராதனையில். அதனால் அது சாவுக்குப் பிறகு வருகிற சமாச்சாரம் என்று மனதில் பதிந்துவிட்டது. இயேசு அதற்குக் கொடுத்த விளக்கம் வேறு. சிலுவைக்கு முந்தின இரவு ஜெபிக்கும்போது சொல்கிறார்: “ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்” (யோவான் 17:3). அறிவதே என்கிறார். ஒருவரோடு பழகி, அவரை அறிந்து, அவரோடு வாழ்வதைச் சொல்கிறார்.

அதே சுவிசேஷத்தில் 5ஆம் அதிகாரம் 24ஆம் வசனம்: விசுவாசிக்கிறவனுக்கு “நித்தியஜீவன் உண்டு”. என் கடையில் வந்து “சீனி உண்டா?” என்று கேட்டால், நான் “உண்டு” என்று சொன்னால், சரக்கு இப்போது கையில் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வாரம் வரும் என்று அர்த்தம் இல்லை. இயேசு சொன்ன உண்டும் அப்படித்தான்.

எங்கள் ஊர்க் குளம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி இருக்கிறது. சித்திரையில் போய்ப் பார்த்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், ஆடு மேயும். தாமிரபரணி அப்படி இல்லை. பொதிகை மலையில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது. மலை அதைப் பிடித்து வைத்துக்கொண்டு கசியவிடுகிறது. அதனால்தான் ஆறு கோடையிலும் ஓடிப் புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. குளத்துத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கிருந்து வருகிறது என்பதுதான் வித்தியாசம். தேவனிடமிருந்து வருகிற ஜீவன் இங்கே தொடங்குகிறது, கல்லறையையும் தாண்டி ஓடுகிறது. செத்த பிறகு உள்ளதை நான் மறுக்கவில்லை. அது வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்கிறேன்.

எங்கள் குடும்பம் ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். ஞானஸ்நானம், வளர்ந்த பிறகு திடப்படுத்தல் ஆராதனை எல்லாம் ஆயிற்று. இன்னும் என்ன வேண்டும்?

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கே உரிய கேள்வி இது. இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும்.

நம்முடைய சரித்திரம் சாதாரணமானது இல்லை. பாளையங்கோட்டையில் 1778இல் பிராமணப் பெண்ணான கிளாரிந்தா அம்மாள் ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780இல் சபைப் பதிவேடு எழுதத் தொடங்கியபோது அதில் இருந்தவர்கள் 40 பேர். 1785இல் அந்த அம்மாள் முயற்சியில் எழுந்த ஆலயத்தை இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றுதான் சொல்கிறோம். விசுவாசத்தை ஏற்றுக்கொண்டதற்காக அடித்து விரட்டப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து குடியேற 1799இல் ஓர் ஊரை உண்டாக்கினார்கள். முதலாவது ஊர் என்பதால் அதற்கு முதலூர் என்றே பெயர். அப்புறம் டோனாவூர், மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி. ஊர்ப் பெயரை வாசித்தாலே நம் சரித்திரத்தைத் திருப்புவது போல இருக்கும்.

முதலூரில் முதலில் குடியேறினவர்கள் கூரையைப் பறிகொடுத்து வந்தவர்கள். ஏன் வந்தாய் என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பதில் இருந்திருக்கும். நமக்கு அந்தப் பதில் உண்டா? “எங்க தாத்தா காலத்துலயே வந்துட்டோம்” என்பதுதான் நம் பதிலாக இருக்கிறது.

என் தாத்தா பனையேறி. தாத்தாவைப் பார்த்துத்தான் எனக்கு இது புரிந்தது. பருவம் தொடங்கிவிட்டால் காலையிலும் ஏறுவார், சாயங்காலமும் ஏறுவார். காலில் தளைநார் (ஏறும்போது கால்களைப் பிணைக்கிற நார் வளையம்), இடுப்பில் அருவாப்பெட்டி, கையில் முருக்குத்தடி. மேலே போய்ப் பாளையை நுனியில் மெல்லிசாகச் சீவிவிட வேண்டும், வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற அளவுக்கு. அப்போதுதான் பதநீர் சொட்டும். இரண்டு நாள் சீவாமல் விட்டால் நுனி காய்ந்துபோகும். மரம் அதே மரம், வேரில் தண்ணீரும் இருக்கிறது, ஆனால் கலயம் வெறுமையாகத் தொங்கும். தாத்தா போன வருஷம் சீவின பாளையில் நான் இந்த வருஷம் பதநீர் குடிக்க முடியாது.

நிக்கொதேமு வேதம் படித்தவர், யூதருக்குள்ளே அதிகாரி, தலைமுறை தலைமுறையாக தேவனை அறிந்த ஜாதியில் பிறந்தவர். வெளியே இருந்த யாரிடமோ சொல்லாமல் அவரிடம்தான் “மறுபடியும் பிறக்கவேண்டும்” என்று இயேசு சொன்னார். ஞானஸ்நானத்தையும் திடப்படுத்தலையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. அவை உங்கள் பேரில் எழுதிக் கொடுத்த பத்திரம் மாதிரி. பத்திரத்தைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு வாடகை வீட்டிலேயே காலம் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது பொறுக்கவில்லை. பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் குடியேறுங்கள். “ஆண்டவரே, எனக்காகப் பெற்றோர் சொன்ன ஆமெனை இன்றைக்கு நானே சொல்கிறேன்” என்று தனியாக இருக்கும்போது வாய் திறந்து சொல்லலாம்.

படித்தேன், வேலை கிடைத்தது, வீடும் வாங்கியாயிற்று. ஆனாலும் மனசு நிறையவில்லை. எனக்கு ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. நானும் அந்த வழியாக வந்தவன்தான்.

பத்தொன்பது வயதில் மும்பைக்குப் போனேன். உறவினர் ஒருவர் கடையில் மூட்டை தூக்கி, அப்புறம் கணக்கு எழுதி, அப்புறம் சொந்தமாகச் சின்னக் கடை போட்டேன். ஊரில் மாடி வீடு கட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் கனவு. பதினாறு வருஷத்தில் கட்டினேன். பால் காய்ச்சின அன்று ஐயர் வந்து ஜெபம் பண்ணினார், நூற்றைம்பது பேர் சாப்பிட்டார்கள். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு மொட்டை மாடியில் போய் நின்றேன். புதுச் சுண்ணாம்பு வாசனை. தூரத்தில் பனங்காடு. “சரி, அடுத்து என்ன?” என்று மனசு கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் பயமாக இருந்தது. பதினாறு வருஷம் எதைத் துரத்தினேனோ அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தேன், உள்ளே ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் கீழே இறங்கினால் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து பெரிய எழுத்து வேதாகமத்தை விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தது. யோவான் 4, சமாரிய ஸ்திரீ. “இந்தத் தண்ணீரைக் குடிக்கிறவனுக்கு மறுபடியும் தாகமுண்டாகும்.” நூறு தடவை கேட்ட வசனம். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

ஐந்து புருஷர் இருந்தும் தாகம் தீராத பெண் அவள். உச்சி வெயிலில் குடத்தோடு வந்தவள், இயேசுவிடம் பேசிவிட்டுப் போகும்போது குடத்தை வைத்துவிட்டுப் போனாள் என்று எழுதியிருக்கிறது. தேரிக்காட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வந்து, குடத்தை விட்டுவிட்டு எந்தப் பெண்ணாவது போவாளா? ஆச்சியிடம் அதைச் சொன்னேன். “அவளுக்கு அதவிடப் பெரிசு கெடைச்சிட்டுல்லா மக்கா” என்றது ஆச்சி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வாசிப்பைத் தொடர்ந்தது.

மனசு நிறையாமல் இருப்பது தேவன் வைத்த பசி என்று நான் நம்புகிறேன். அவருக்காக உண்டாக்கின இடத்தில் வீட்டையும் சம்பளத்தையும் வைத்தால் பொருந்தாது. அதற்காக அவற்றைத் தூக்கி எறியச் சொல்லவில்லை.

அப்படியானால் பணம் சம்பாதிப்பது தப்பா?

இல்லை. “ஒருவனுக்கு எவ்வளவு திரளான ஆஸ்தி இருந்தாலும் அது அவனுக்கு ஜீவன் அல்ல” என்றார் இயேசு (லூக்கா 12:15). ஆஸ்தியே இருக்கக்கூடாது என்று சொல்லவில்லை. கடையில் எடை சரியாகப் போடுங்கள், கடன் வாங்கினால் திருப்பிக் கொடுங்கள், கேட்டு வருகிறவனுக்கு இல்லை என்று சொல்லாதீர்கள்.

யாருக்கும் கெடுதல் நினைக்காமல் நல்லவனாக வாழ்ந்தால் போதாதா?

மரியாதையான கேள்வி. நல்லவனாக வாழ்வதை யாராவது குறைத்துப் பேசினால் அவரோடு நான் சேர மாட்டேன்.

ஆனால் எவ்வளவு நல்லவனாக இருந்தால் போதும்? அதற்கு எடைக்கல் யார் கையில் இருக்கிறது? ராத்திரி படுக்கும்போது அன்றைக்குப் பேசினதை, நினைத்ததை எல்லாம் நேர்மையாகத் தராசில் வைத்தால் எனக்குத் தட்டு சரிகிறது. “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு” என்கிறது எபேசியர் 2:8. ஈவு என்றால் இனாம். வாங்கிக்கொள்கிறவன் கையில் காசு வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது.

கிளாரிந்தா அம்மாளையே பாருங்கள். கணவனை இழந்த மராட்டிய பிராமணப் பெண். ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவரோடு கல்யாணம் இல்லாமல் வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, அந்த நிலையில் கொடுக்க முடியாது என்று சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகுதான் பெற முடிந்தது. ஊர் நாலு விதமாகப் பேசியிருக்கும். திருநெல்வேலிச் சபையின் முதல் பக்கத்தில் தேவன் எழுதிக்கொண்ட பெயர் அந்தப் பெயர். நற்கிரியை அதற்குப் பிறகு வந்தது. கோவிலைக் கட்டி கிருபையை அவர் வாங்கவில்லை. கிருபை கிடைத்தது, கோவில் கட்டினார்.

விசுவாசம் என்றால் என்ன? எனக்குச் சந்தேகம் அதிகம். சந்தேகம் உள்ளவன் விசுவாசியாக இருக்க முடியுமா?

முடியும். பிள்ளைக்குச் சுகம் கேட்டு வந்த ஒரு தகப்பன் “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு கத்தினான் (மாற்கு 9:24). போய் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையைச் சுகமாக்கினார்.

தளைநார் தாங்கும் என்று தரையில் நின்றுகொண்டு எவ்வளவு நேரமும் பேசலாம். காலை வைத்து ஏறினால்தான் நம்பினதாக அர்த்தம். தாத்தா முதல் முதலாக ஏறின அன்று கை நடுங்கினதாகச் சொல்லுவார். நடுக்கத்தோடுதான் ஏறினார், நார் தாங்கியது. நாரின் பலத்தில்தான் காரியம் இருக்கிறது. உங்கள் விசுவாசம் சிறியதா பெரியதா என்று உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தால் தலை சுற்றும். யாரை விசுவாசிக்கிறீர்களோ அவரைப் பாருங்கள்.

சபைக்குள் சாதி பார்க்கிறார்கள். சபைத் தேர்தல் வந்தால் அடிதடி, கோர்ட், கேஸ். இதைப் பார்த்துவிட்டு எப்படி நம்புவது?

இந்தக் கேள்வி எழுதின காகிதங்கள் எல்லாம் கோபத்தோடு அழுத்தி எழுதப்பட்டவை. அந்தக் கோபம் நியாயமானது.

மறைக்க ஒன்றும் இல்லை. வடக்கன்குளத்தில்தான் 1745இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினவர், விசுவாசத்துக்காக 1752இல் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அதே வடக்கன்குளத்தில் பின்னால் எழுந்த கோவிலில், சாதி பார்த்து மக்கள் தனித்தனியாக உட்கார நடுவில் தடுப்பு இருந்தது. அது எடுக்கப்பட்டபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. இரத்தசாட்சி உருவான மண்ணிலேயே தடுப்பும் இருந்தது. நம் சரித்திரத்தில் இரண்டும் நமக்குச் சொந்தம். சபை வேறு வேறு என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது, எல்லாச் சபையிலும் இது இருந்தது, இருக்கிறது.

என் சொந்த அனுபவம் ஒன்று. இளைஞனாக இருந்தபோது ஒரு சபையில், இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவரின் சாதி தெரிந்து ஒருவர் வரிசையை விட்டு விலகிக் கடைசியில் போய் நின்றதைப் பார்த்தேன். ஒரே பாத்திரம், ஒரே இரத்தம் என்று சொல்லிக் கொடுக்கிற இடத்தில். ஆறு மாதம் கோவில் பக்கம் போகவில்லை.

திரும்பி வந்ததற்குக் காரணம் அந்த முன்னால் நின்றவர்தான். அடுத்த வாரமும், அதற்கு அடுத்த வாரமும் அவர் வந்திருக்கிறார். பின்னால் ஒரு நாள் அவரைக் கேட்டேன்: “எப்படி அண்ணாச்சி திரும்ப அங்கேயே போனீங்க?” “அது ஆண்டவரு மேசை. இவங்க மேசைன்னா நானும் போயிருக்க மாட்டேன்” என்றார்.

சாதி பார்க்கிறவன் சுவிசேஷத்தைக் கடைப்பிடிப்பதால் அப்படிச் செய்யவில்லை, அதற்கு விரோதமாகத்தான் செய்கிறான். அதைச் சபைக்குள் நின்று வாய் திறந்து சொல்லுங்கள். கல்யாணப் பேச்சு வரும்போது உங்கள் வீட்டில் முதலில் சொல்லுங்கள். கெட்டதைச் சொல்லாமல் இருப்பது பக்தி ஆகாது.

அசனம், ஸ்தோத்திரப் பண்டிகை, காணிக்கை எல்லாம் வெறும் சடங்குதானே?

மனசு இல்லாமல் செய்தால் எதுவும் சடங்குதான். ஆனால் அசனத்தில் ஒரே அண்டாவில் வெந்த சோறும் குழம்பும் எல்லார் இலையிலும் ஒரே மாதிரி விழுகிறதே, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்காமல் சாப்பிடும்போது பரலோகத்தின் ஒரு ஓரம் தெரிகிறது என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் ஆச்சி உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடும். ஆண்டவருக்கு உள்ள பிடி அரிசி. வீட்டில் ஒரு படிதான் இருக்கிறது என்றாலும் பிடி தப்பாது. இப்படிப்பட்ட வீடுகளின் காணிக்கையில்தான் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அதைத் தொடங்கினவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா தெலுங்கு நாட்டில் ஊழியம் செய்து, 1912இல் தோர்ணக்கல்லில் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். தங்களுக்கே போதாதவர்கள் அடுத்த மாநிலத்துக்குக் கொடுத்தார்கள். நிறைவு என்று வேதம் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஜெபித்தோம், உபவாசம் இருந்தோம். ஆனாலும் அம்மா பிழைக்கவில்லை. ஏன்?

இந்தக் காகிதத்தை எழுதின பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியும். அன்று தாழ்வாரத்தில் இதற்குப் பதில் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

விசுவாசம் குறைவாக இருந்ததால்தான் சுகம் கிடைக்கவில்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். எமி கார்மைக்கேல் அம்மையாரின் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தவர். 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் சாகும் வரை இருபது வருஷம் பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே இருந்தார். அவருக்காக ஜெபித்தவர்கள் குறைவா, அவர் விசுவாசம் குறைவா? கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் தாங்கள் அவரை அழைத்த பெயரை மட்டும் பொறித்தார்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தையும் நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நட்சத்திரம் கட்டின வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அந்த வருஷம் எங்கள் பிள்ளைகள் பஜனைக்குப் பாட்டுப் பழகவில்லை, அரிசியும் தீப்பெட்டியும் பொட்டலம் கட்டினார்கள். ஏன் இப்படி நடந்தது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன்.

தெரிந்தது ஒன்று. இறந்துபோன தம் நண்பன் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு அவன் கல்லறைக்குப் போனார். ஆனாலும் வழியில் நின்று “இயேசு கண்ணீர் விட்டார்”. அம்மா போன வீட்டில் நீங்கள் அழும்போது அவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சாவைப் பற்றிய பயம் போகுமா?

முழுவதும் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆச்சி இறந்ததைச் சொல்கிறேன். 91 வயது. கடைசி நாளில் பேச்சு நின்று, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அம்மா காதை வைத்துக் கேட்டு, “இருபத்திமூணாம் சங்கீதம் சொல்லுது” என்றாள். நாங்களும் சேர்ந்து சொன்னோம். பாதியில் ஆச்சியின் உதடு நின்றது, நாங்கள் சொல்லி முடித்தோம். கோவில் மணி விட்டு விட்டு அடித்தது. பெட்டிக்கு முன்னால் ஐயர் நடந்துகொண்டே “நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்” என்று வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது, பயம் வரவில்லை.

நான் கிறிஸ்தவன் இல்லை. நண்பனோடு கூட்டத்துக்கு வந்தேன். இயேசுவைப் பிடித்திருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்? வீட்டில் என்ன சொல்வார்கள்?

முதலில், அவசரப்பட வேண்டாம். யோவான் எழுதின சுவிசேஷத்தை முழுவதும் வாசியுங்கள். 21 அதிகாரம், நாளுக்கு ஒன்று போதும். பிடித்த இடம், பிடிக்காத இடம் இரண்டையும் குறித்து வையுங்கள். வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும், கடன் தீரும் என்று ஆசை காட்டி யாராவது அழைத்தால் அந்த அழைப்பு இயேசுவினுடையது இல்லை.

கிறிஸ்தவக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் பிறந்தவர், வைணவ நூல்களில் ஊறினவர். 1853இல் சாயர்புரத்துக்குத் தமிழாசிரியராக வந்து, நன்றாக யோசித்து, 1858இல்தான் ஞானஸ்நானம் பெற்றார். ஐந்து வருஷம். தமிழையும் விட்டுவிடவில்லை. பிறந்த வீட்டையும் மொழியையும் பழிக்கச் சொல்லுகிற விசுவாசத்தை நான் அறியேன். அப்பா அம்மாவிடம் முன்னைவிட அதிகப் பிரியமாக இருங்கள், மறைக்காமல் பேசுங்கள். அவர்கள் கோபப்பட்டால் அந்தக் கோபத்திலும் பாசம் இருக்கிறது. “என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை” என்று இயேசு சொன்னார். எத்தனை நாள் எடுத்துக்கொண்டு வந்தாலும் அது மாறாது.

ஜெபிக்கத் தெரியாது. எப்படி ஆரம்பிப்பது?

பிரசங்கத் தமிழ் வேண்டாம். அம்மாவிடம் பேசுகிற தமிழ் போதும். “ஆண்டவரே, நான் செய்த இந்தத் தப்பை மன்னியும். எனக்காக மரித்தீர், உயிர்த்தீர் என்று நம்புகிறேன். என்னை உம்முடைய பிள்ளையாக நடத்தும்.” இவ்வளவுதான். யாரிடமாவது பேசாமல் இருந்தால் போய்ப் பேசுங்கள், யாருக்காவது பணம் தர வேண்டியிருந்தால் கொடுத்துவிடுங்கள். அப்புறம், தனியாக இருக்காதீர்கள். வெளியூரில் இருந்தால் பக்கத்தில் ஒரு சபையைத் தேடிக்கொள்ளுங்கள்.

திரும்பவும் பழைய பாவத்தில் விழுந்துவிட்டேன். இனிமேல் என்னை ஏற்றுக்கொள்வாரா?

எங்கள் ஊரில் ஒருவர் இருபது வருஷம் குடித்தவர். விட்டார், விழுந்தார், விட்டார், மறுபடியும் விழுந்தார். மூன்றாவது முறை விழுந்த மறுநாள் என் கடைக்கு வந்து தலைகுனிந்து நின்றார். அவரும் பனையேறிதான். “பதநீர்க் கலயத்துல ஏன் சுண்ணாம்பு தடவுதீங்க?” என்று கேட்டேன். “தடவாட்டா புளிச்சிக் கள்ளாயிரும்லா.” “ஒரு தடவ தடவினா பருவம் பூரா போதுமா?” அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “தெனம் தடவணும்” என்றார்.

அன்றைக்கு அவருக்கு யோவான் 18ஐயும் 21ஐயும் வாசித்துக் காட்டினேன். இயேசுவின் சீஷன் பேதுரு அவரைத் தெரியாது என்று சொன்னபோது கரிநெருப்பு ஓரத்தில் குளிர்காய்ந்துகொண்டு நின்றான். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவனுக்காகக் காத்திருந்த இடத்திலும் கரிநெருப்புதான் போட்டிருந்தது, அதன்மேல் மீன் வைத்திருந்தது. அதே வாசனை. மறுதலித்தது மூன்று தடவை, “என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா” என்று கேட்டதும் மூன்று தடவை. கணக்குக் கேட்குமுன் அவனுக்குச் சாப்பாடு போட்டார்.

அந்தப் பனையேறி இப்போது தினமும் காலையில் மரம் ஏறுமுன் கடை வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார். நான் கதவைத் திறந்துகொண்டிருப்பேன். இருவரும் ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லுவோம். ஏழு வருஷம் ஆகிறது. நேற்றும் வந்தார்.